குடிகளுக்குப் பட்டா அளித்த மன்றோ துரை

நாட்டை ஆண்டு மறைந்தோர் எண்ணிலர். அவருள் ஆளப்பட்டோரின் நினைவில் நின்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஸர் தாமஸ் மன்றோ. அயல்நாட்டார் ஒருவரின் சரித்திரம் நம் சங்க வெளியீட்டில் இடம்பெறுவானேன் என அன்பர் சிலர் வினவலாம். நம் இல்லங்களிற் பெட்டியிற் பூட்டி வைத்துப் போற்றும் நிலப் பட்டாவும், ஆண்டுதோறும் தாலுகா கச்சேரியில் நிகழும் ஜமாபந்தியும் இந்நாட்டில் வேரூன்றியதற்கு இவர் முயற்சியே பெருங்காரணம். அன்றியும், குடிகளுக்குப் பேச்சுரிமை சிறிதும் இல்லாத ஓர் ஆட்சியிற் பொருளாதாரச் சீர்திருத்தம் எத்துணைத் தூரம் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதற்கு இவர் வாழ்க்கை நல்லதோர் சான்று.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவோடு புகையிலை வாணிகம் புரிந்த வணிகர். அமெரிக்கர் சுதந்தரப் போர் தொடங்கவே அவ்வாணிகம் நொடித்தது, குடும்பம் வறுமையுற்றது. மகனார் கிழக்கிந்தியக் கும்பினியின் படையிற் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு சென்னை வந்திறங்கினார். அவ்வாண்டே ஹைதர் அலி கர்நாடகத்தின்மேற் படையெடுத்தார். இளைஞராகிய மன்றோ போர்க்களங்களிற் பயின்றதோடு, பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். அம்மொழிப் பயிற்சியே பின்னர் அவரைப் படையினின்றும் நிர்வாகத்துக்கு ஈர்த்தது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால், சேலம் பகுதிகள் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினிக்குக் கிடைத்தன. அங்கு வரி தண்டும் பொறுப்பு, குடிகளின் மொழியறிந்த காப்டன் அலெக்சாந்தர் ரீடு என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவருக்குத் துணைவராய் அமர்ந்தோருள் மன்றோவும் ஒருவர். ஊர்தோறும் சென்று, வயல்களை அளந்து, மண்ணின் தரம் பிரித்து, இன்ன நிலத்துக்கு இன்ன தீர்வை எனக் குறித்தனர். உழவர் சர்க்காருக்கு நேரே வரி செலுத்தும் ரயத்துவாரி முறை இங்ஙனம் உருப்பெற்றது.

இதன் அருமையை உணர வேண்டின் அக்காலத்து நிலையை நோக்குதல் வேண்டும். 1793-ல் வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு சாசுவத ஜமீன்தாரி முறையை நிலைநாட்டினார். சர்க்காருக்கும் குடிக்கும் நடுவே ஜமீன்தார் நின்றார். சர்க்கார் பெறும் தொகை என்றும் மாறாது. குடியிடமிருந்து ஜமீன்தார் பறிக்கும் தொகைக்கோ உறுதியான எல்லை இல்லை. சென்னை இராசதானியும் அவ்வழியே செல்லுமாறு ஏவப்பட்டது. நம் அம்பத்தூரைச் சூழ்ந்த நாட்டுப்புறம், 1763-ல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்ற செங்கற்பட்டு ஜாகீரைச் சார்ந்தது. இதனை 1802-ல் பல மிட்டாக்களாகப் பகுத்து ஏலம் விட்டனர். ஏலம் எடுத்தோர் பலர் தொகை கட்டமாட்டாது வீழ்ந்தனர். நிலங்கள் மீளவும் சர்க்காரையே வந்தடைந்தன.

இதற்கிடையே மன்றோ, 1800-ல் ஹைதராபாத் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை, அனந்தபுரப் பகுதிகளுக்குத் தலைமைக் கலெக்டரானார். பாளையக்காரரை அடக்கினார். அவருட் பலர் தம் உரிமை இழந்தனர் என்பதையும் மறைத்தல் கூடாது. பின்னர் ஆண்டுக்கணக்காய்க் கூடாரங்களில் வாழ்ந்து, பெருநிலப்பரப்பு முழுவதையும் அளப்பித்தார். 1807-ல் தாயகம் செல்லுமுன், தாம் விதித்த வரியே குடிகளுக்குப் பளுவானது என்றும், அதில் நாலில் ஒரு பங்கைக் குறைத்தல் வேண்டும் என்றும் மேலிடத்துக்கு எழுதினார். தாம் தண்டிய வரியைத் தாமே மிகுதியென்று சொல்லும் அதிகாரி அரியர் அன்றோ! அவர் சென்றபின் வரிக்குறைப்பு நிகழவில்லை. ஊர்களைக் குத்தகைக்கு விடும் முறையைக் கையாண்டு, குடிகளை மேலும் நலித்தனர்.

இங்கிலாந்தில் அவர் வாளா இருந்தாரல்லர். பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சியம் அளித்தும், கும்பினி இயக்குநரிடம் வாதித்தும் ரயத்துவாரி முறைக்கு இசைவு பெற்றார். 1814-ல் நீதி நிர்வாகத்தைத் திருத்தும் பணியோடு திரும்பி வந்தார். 1816-ல் அவர் முயற்சியாற் பிறந்த சட்டங்கள் கிராம முன்சீபுக்கும் பஞ்சாயத்துக்கும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் தந்தன.

1820-ல் அவர் சென்னைக் கவர்னரானார். ரயத்துவாரி முறை இராசதானியின் பெரும்பகுதிக்கு விதியாயிற்று. நாலில் ஒரு பங்கு வரிக்குறைப்பும் பல்லாரி, கடப்பைப் பகுதிகளில் நிறைவேறிற்று. ஆசிரியத் தொழிலுடைய எமக்கு அவருடைய செயல்களிற் சிறந்ததாய்த் தோன்றுவது கல்விக் கணக்கெடுப்பே. 1822-ல் ஜில்லாதோறும் பள்ளிகள் எத்துணை, பயில்வோர் எவ்வகுப்பினர் என ஆராயுமாறு கட்டளையிட்டார். ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகளும், சுமார் 1,88,000 மாணாக்கரும் இருந்தமை வெளிப்பட்டது. அஃதாவது சுமார் 68 பேருக்கு ஒருவர். தமிழ் ஜில்லாக்களின் திண்ணைப் பள்ளிகளிற் பயின்றோருட் பெரும்பாலார் பிராமணரல்லாத வகுப்பினர். நம் முன்னோர் எழுத்தறியாதார் என்று கூறுவோர்க்கு இக்கணக்கே விடை. ஆயினும், பெண் மக்கள் மிகச் சிலரே என்பதையும் அக்கணக்கே காட்டி நம்மை நாணுறச் செய்கின்றது. 1826-ல் கலெக்டர் பள்ளிகளும் தாசில்தார் பள்ளிகளும் நிறுவ அவர் திட்டம் வகுத்தார். அவர் மறைவுக்குப்பின் அஃது வாடி உதிர்ந்தது.

இனி, அவர் கொள்கையின் மறுபுறத்தையும் நோக்குவோம். இந்தியரை உயர்ந்த உத்தியோகங்களினின்றும் விலக்கி வைத்தல் ஒரு தேசத்தையே தாழ்த்துவதாகும் என அவர் வற்புறுத்தினார். தம்மைத் தாமே ஆளும் தகுதி இந்நாட்டார் பெறும் நாள் வரும் என்றும், அன்று ஆங்கிலர் விலகுதலே முறை என்றும் கருதினார். அங்ஙனம் கருதிய அவரே, 1822-ல் பத்திரிகைச் சுதந்தரத்தைக் கடுமையாக எதிர்த்தார். அந்நியர் ஆட்சியும் தடையற்ற பத்திரிகையும் ஒருங்கே நில்லா என்பது அவர் முடிபு. குடிகளுக்கு நன்மை செய்யலாம். அந்நன்மையைப் பற்றிக் குடிகள் வாய்திறத்தல் மட்டும் ஆகாது என்பதே இதன் கருத்து.

இக்குறையின் பயன் பின்னர் விளைந்தது. நல்ல கவர்னர் போயினார். அவர் அமைத்த யந்திரம் நின்றது. கேள்வி கேட்பார் இல்லாமையால், கீழ் உத்தியோகஸ்தர் வரி தண்டுவதற்குக் குடிகளை வெயிலில் நிறுத்தியும் அடித்தும் வதைத்தனர். 1855-ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷன் இக்கொடுமைகளை உண்மையெனக் கண்டது. மேலும் பட்டா நிலமுடையானுக்கே கிட்டிற்று. அவன் வயலிற் சேற்றில் நின்று உழைத்த பண்ணையாளுக்குக் கிட்டவில்லை. நம் செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-ல் ஆதித்திராவிடரின் நிலையை எழுதி விளக்கிய பிறகே, அவர்க்கென நிலம் ஒதுக்கும் ஆணை 1892-ல் பிறந்தது. மன்றோவின் அளவுகோல் எட்டாத இடம் அஃது. நிலமுடைய குடும்பத்தாராகிய நாம் இதனை மறத்தல் அறமன்று.

கவர்னர் பதவியை விட்டு நீங்கும் தறுவாயில், தாம் முன்பு ஆண்ட ஜில்லாக்களின் குடிகளிடம் விடைபெறச் சென்ற மன்றோ, 1827-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் தேதி பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதியால் இறந்தார். அந்நாட்டார் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டு வழங்கினர். திருமலை வேங்கடவனுக்கு அவர் பெயரால் அமுது படைக்கும் கட்டளையும் உண்டு. சென்னை அண்ணா சாலையில், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் சிலை இன்றும் நிற்கின்றது.

நல்லோன் ஒருவன் கையில் அதிகாரம் இருத்தல் நன்று. அவனுக்குப் பின் வருவோன் எத்தன்மையனாயினும், அவனைக் கேள்வி கேட்கும் உரிமை குடிகளிடம் இருத்தல் அதனினும் நன்று. முன்னதை மன்றோ தந்தார். பின்னதை நாட்டார் நெடுங்காலம் போராடி 1947-ல் தாமே பெற்றனர். ஆதலின் அன்பர்காள்! உங்கள் பட்டாவைப் பத்திரமாக வையுங்கள்; பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பெண் மக்களை மறவாது. ஊர்ச் சபை கூடும்போது சென்று, கணக்கைக் கேளுங்கள். நம் முன்னோர்க்கு இல்லாத உரிமை அது.