சர்க்கரை வேண்டாமென்ற சிறுவனும் கல்கத்தா அன்னையும்

பெற்றோரே, கிறிஸ்துமஸ் நெருங்கும் காலத்தில் நம் இளம்பிள்ளையில் வெறும் பெட்டிக்குப் பஞ்சமில்லை. சேலை நெய்து விற்கிற ஊரில் எந்த வீட்டுப் பரணிலும் நாலைந்து சேலைப்பெட்டிகள் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, வர்ணக் காகிதம் ஒட்டி, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வெகுமதியாகக் கொடுக்க உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால் மெத்த நல்லது. ஆனால் பெட்டிக்குள் என்ன வைப்பது? அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். கை ஒடிந்த பொம்மை, பாதி எழுதிய நோட்டு, சாயம் போன சட்டை என்று வீட்டைச் சுத்தம் செய்கிற வேலையாகவே அது முடிந்துவிடுகிறது. பெட்டியைக் கட்டுமுன் கல்கத்தா அன்னை தெரேசாவின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

1910-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ந் தேதி, ஸ்கோப்யே என்னும் பட்டணத்தில், அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் மூன்றாவது பிள்ளையாக அவர் பிறந்தார். ஆக்னஸ் என்று பெயர். தகப்பனார் வசதியான வியாபாரி. ஆனால் 1919-ல், ஆக்னசுக்கு எட்டு வயதாயிருக்கையில், அவர் திடீரென்று இறந்துபோனார். தாயார் திரானா அம்மாள் தையலும் பூவேலைத் துணி வியாபாரமும் செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தாள். துணியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் கஷ்டநஷ்டங்களை நம்மவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கஷ்டத்திலும் அவள் வீட்டுப் பந்தியில் ஏழைகளுக்கு இடமிருந்தது. இவர்கள் யார் என்று பிள்ளைகள் கேட்டால், நம் சொந்தக்காரர்கள்தான் என்பாள். அதோடு நிற்கவில்லை. குடிப்பழக்கத்தால் சீரழிந்து, உடம்பெல்லாம் புண்ணாய்க் கிடந்த ஒரு கிழவியையும், பிள்ளைகளோடு தவித்த ஒரு விதவையையும் பார்க்கப் போகும்போது சின்ன ஆக்னசையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். அந்த விதவை இறந்தபின் அவளுடைய பிள்ளைகள் திரானா அம்மாளின் வீட்டிலேயே வளர்ந்தார்கள். வாங்குகிறவரின் வாசலுக்கே பிள்ளையைக் கூட்டிப் போனாளே, அதைக் கவனியுங்கள். நாமோ பெட்டியை யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, பிள்ளைக்குத் தர்மம் கற்றுக் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுகிறோம்.

பதினெட்டாம் வயதில், 1928-ல், ஆக்னஸ் வீட்டை விட்டு லொரேட்டோ கன்னியர் சபையில் சேர்ந்தார். தாயாரை அதன்பின் ஒருநாளும் பார்க்கவில்லை. திரானா அம்மாள் 1972-ல் அல்பேனியாவில் காலமானாள். மகள் அப்போது கல்கத்தாவில் இருந்தார்.

கல்கத்தாவில் அவர் வந்திறங்கியது 1929-ஆம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் காணிக்கை கொண்டுவந்த திருநாளன்று! பெண்கள் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் உபாத்தியாயினியாக இருந்தார். 1946 செப்டம்பர் 10-ந் தேதி, டார்ஜிலிங் போகும் ரயிலில், மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளின் நடுவே போய் வாழும்படி தேவ அழைத்தலைப் பெற்றார். உத்தரவு கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. 1948 ஆகஸ்டில், நீலக்கரை போட்ட மலிவான வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அதே வருஷம் டிசம்பரில் மோத்திஜீல் சேரியில் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தில் மேஜையில்லை, பலகையில்லை. தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். நன்றாய் நடந்த பிள்ளைகளுக்கு வெகுமதியாகக் கொடுத்தது என்ன தெரியுமா? சோப்புக்கட்டி! நம் வீட்டுப் பிள்ளை முகம் சுளிக்கும். அங்கே வீட்டில் சோப்பைக் கண்டிராத பிள்ளைகளுக்கு அது பெரிய சம்பத்து. கொடுக்கிறவனுக்கு எது மிஞ்சியிருக்கிறது என்று பாராமல், வாங்குகிறவனுக்கு எது தேவை என்று பார்த்தார்.

பின்னால் நடந்தவை உலகமறிந்தவை. 1950 அக்டோபர் 7-ந் தேதி பிறரன்புக் கன்னியர் சபை, 1952-ல் சாகக் கிடப்போருக்கு இல்லம், 1955-ல் அனாதைக் குழந்தைகளுக்கு சிசு பவன். 1964-ல் பம்பாய் வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், தாம் உபயோகித்த மோட்டார் காரை அவருக்குக் கொடுத்துப் போனார். அவர் அதில் ஏறவேயில்லை. லாட்டரி போட்டுப் பணமாக்கிக் குஷ்டரோகிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார். நம் தறிக்காரர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய செய்தியும் ஒன்றுண்டு: அந்தச் சபைக் கன்னியர் உடுத்தும் நீலக்கரைச் சேலையை நெய்வது டிட்டாகர் என்னுமிடத்திலுள்ள குஷ்டரோகிகளும் நோய் தீர்ந்தவர்களும்தான்.

1979-ல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. வழக்கமான விருந்து வேண்டாம், அந்தப் பணம் ஏழைகளுக்கு ஆகட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆஸ்லோ பட்டணத்தில் பெரிய மனிதர்கள் கூடியிருந்த அந்தச் சபையில் அவர் எடுத்துச் சொன்ன கதைகள் சின்னஞ்சிறியவை. எட்டுப் பிள்ளைகளோடு பல நாள் பட்டினி கிடந்த ஓர் இந்துக் குடும்பத்துக்கு அரிசி கொண்டுபோனாராம். அந்தத் தாய் அதை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எங்கே போனாய் என்று கேட்டால், பக்கத்து வீட்டாரும் பட்டினி என்றாள். அவர்கள் முகம்மதியர்கள்.

இன்னொரு கதை நாலு வயதுச் சிறுவனைப் பற்றியது. கல்கத்தாவில் சர்க்கரை கிடைக்காத சமயம். அன்னையின் பிள்ளைகளுக்குச் சர்க்கரை இல்லை என்ற செய்தி எப்படியோ அந்த இந்துச் சிறுவன் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய், மூன்று நாள் தனக்குச் சர்க்கரை வேண்டாம், தன் பங்கை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டான். மூன்று நாள் கழித்துத் தாயும் தகப்பனும் அவனை அழைத்துக்கொண்டு, முன்பின் அறியாத அன்னையைத் தேடி வந்தார்கள். அவருடைய பெயரைக்கூட அவனுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. கையில் அந்தக் கொஞ்சம் சர்க்கரை.

1997 செப்டம்பர் 5-ந் தேதி அன்னை மரித்தார். 2016 செப்டம்பர் 4-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அந்தச் சிறுவனின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். பிள்ளை விளையாட்டு என்று சிரித்து மறந்திருக்கலாம். பாவம் பிள்ளை என்று அவன் பாலில் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, மூன்று நாள் பொறுத்திருந்து, கூடவே நடந்து வந்தார்கள்.

ஆகையால் இன்றிரவு சாப்பாடு ஆனபின், சேலைப்பெட்டியைப் பிள்ளையின் முன் திறந்து வையுங்கள். சோப்பு, பென்சில், புது நோட்டு எல்லாம் நீங்கள் வாங்கி வைக்கலாம். ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு, உன்னுடையதில் எதை வைப்பாய் என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். அவசரப்படுத்தாதீர்கள்.