குலு மலையில் வீடு தேடிய ரஷிய ஓவியர்

பெங்களூரில் சித்ரகலா பரிஷத்துக்குப் போகிறவர்கள் இமயமலைப் படங்கள் நிறைந்த ரோரிக் கூடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கனகபுரா சாலையில் தாதகுனி தோட்டத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஸ்வெடோஸ்லாவ் ரோரிக்கையும், அவர் மனைவியான நடிகை தேவிகா ராணியையும் பழைய பெங்களூர்வாசிகள் நன்கு அறிவார்கள். ஸ்வெடோஸ்லாவின் தந்தை நிகோலாய் ரோரிக். பனிமலைகளை அவர் அளவுக்கு வரைந்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான். அவர் பிறந்ததோ மலையே இல்லாத செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 1874-ம் ஆண்டு.

இளமையிலேயே அவர் பெயர் பெற்றுவிட்டார். புதைபொருள் ஆராய்ச்சி செய்தார். நாடக மேடைக்குத் திரைச்சீலைகள் எழுதினார். 1913-ல் பாரிஸ் நகரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை நாட்டியம் ஒன்று ரசிகர்களின் கூச்சலுக்கிடையே அரங்கேறியது. அதற்கு ஆடை அலங்காரமும் மேடைக் காட்சியும் அமைத்தவர் இவரே. 1901-ல் எலெனாவை மணந்தார். ஜார்ஜ், ஸ்வெடோஸ்லாவ் என இரண்டு பிள்ளைகள்.

நல்ல உத்தியோகம், வீடு, செல்வாக்கு எல்லாம் இருந்த குடும்பம் இடம் பெயரத் தொடங்கியது நுரையீரல் நோயால்தான். 1916 கடைசியில், காற்று மாற்றத்துக்காக பின்லாந்துப் பகுதியில் ஏரிக்கரையில் இருந்த சார்தவாலா என்ற சிற்றூருக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு ரஷியாவில் புரட்சி. பின்லாந்து தனி நாடாயிற்று, எல்லை மூடப்பட்டது. சில மாதங்களுக்கென்று புறப்பட்டவர்களுக்குப் பழைய வீடு இல்லாமலே போயிற்று. 1919-ல் லண்டன், 1920-ல் அமெரிக்கா, 1923 டிசம்பரில் பம்பாய், பிறகு டார்ஜிலிங் என்று குடும்பம் பெட்டி படுக்கையோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

1925-ல் காஷ்மீரிலிருந்து ஒரு பெரும் பிரயாணம் தொடங்கியது. லடாக், காரகோரம், சீனத் துருக்கிஸ்தானம், மாஸ்கோ, அல்தாய், மங்கோலியா என்று சுற்றிவிட்டு திபெத் வழியாக இந்தியா திரும்பும் திட்டம். எலெனாவும் கூடவே போனார். 1927 அக்டோபரில், லாசாவுக்குப் போகும் வழியில் திபெத்திய அதிகாரிகள் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். சுமார் பதினைந்தாயிரம் அடி உயரப் பீடபூமி. கடுங்குளிரில், கோடைக்கான கூடாரங்களில் ஐந்து மாதம் கிடந்தார்கள். கூட்டத்தில் ஐவர் இறந்தனர். தொண்ணூறு வாக்கில் கால்நடைகள் மாண்டன. 1928 மே மாதம் டார்ஜிலிங் வந்து சேர்ந்தபோது, இனி ஓரிடத்தில் கால் ஊன்றினால் போதும் என்றே தோன்றியிருக்கும்.

அந்த ஆண்டு டிசம்பரில் குலு பள்ளத்தாக்கில், பியாஸ் நதியின் இடது கரைக்கு மேலே, நக்கர் என்ற ஊரில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டார்கள். நக்கர் ஒரு காலத்தில் குலு ராஜாக்களின் தலைநகரம். வீடு ஊருக்கு மேலே சரிவில் இருந்தது. மண்டி ராஜாவிடமிருந்து வாங்கியது. கல்லும் மரமும் கொண்டு கட்டிய கட்டடம்; சுற்றிலும் தேவதாரு மரங்கள்; எதிரே பனிச் சிகரங்கள். உள்ளூர்க் கற்சிலைகளைக் கொண்டுவந்து தேவதாரு நிழலில் நிறுத்தினார் ரோரிக். குதிரை மேல் அமர்ந்த குகா சௌஹான் சிலையை இன்றும் அங்கே காணலாம்.

சும்மா இருக்க வந்தவர்கள் அல்லர். டார்ஜிலிங்கில் தொடங்கிய உருஸ்வதி ஆராய்ச்சி நிலையத்தை இங்கே கொண்டுவந்தார்கள். திபெத்திய மொழியில் வல்லவரான ஜார்ஜ் அதன் தலைவர். மலை மூலிகைகளைச் சேகரித்தார்கள், திபெத்திய மருத்துவத்தை ஆராய்ந்தார்கள். எலெனாவோ ஆன்மிக நூல்கள் எழுதினார். அந்தப் போதனைகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம்.

ஆனால் அந்த அமைதி எளிதில் கிடைத்துவிடவில்லை. ரோரிக் மாஸ்கோ சென்று வந்ததால் ஆங்கில அரசுக்குச் சந்தேகம். 1929-ல் அமெரிக்கா போனவருக்கு மறு ஆண்டு இந்தியா திரும்ப அனுமதி மறுக்கப்பட்டது. எலெனா நக்கரில் உடல் நலமின்றி இருந்தார். கணவரும் மூத்த மகனும் என்ன செய்தார்கள்? கப்பலேறி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வந்து இறங்கினார்கள்! இந்திய மண்ணில்தான் நிற்கிறார்கள். சில மைல் தள்ளி ஆங்கில எல்லை. அதைத் தாண்டத்தான் முடியாது. காத்திருந்த நாட்களிலும் பழைய தொழிலை விடவில்லை. புதுச்சேரி அருகே முதுமக்கள் தாழிகளைத் தோண்டி ஆராய்ந்தார்கள். பல நாட்டு அறிஞர்களும் மத குருமார்களும் முறையிட்ட பிறகு, 1930 கடைசியில் அனுமதி கிடைத்து, நக்கர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகும் பிரயாணங்கள் உண்டு. 1934-35-ல் அமெரிக்க விவசாய இலாகாவுக்காக, வறட்சி தாங்கும் புல் விதை தேடி மஞ்சூரியா போனார். போர்க் காலத்திலும் கலைச் செல்வங்களை அழிக்கலாகாது என்று அவர் பாடுபட்ட உடன்படிக்கை 1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. அதே காலத்தில்தான் நியூயார்க் நண்பர்கள் சிலர் பகையாகி, அங்கிருந்த அவரது காட்சிசாலை கைவிட்டுப் போயிற்று. அதன் பின் அவர் அமெரிக்கா செல்லவே இல்லை. ஓயாமல் வரைந்தார். அவர் படங்களில் சில திருவனந்தபுரம் சித்ராலயத்திலும் உள்ளன. 1942-ல் நேருவும் மகள் இந்திராவும் நக்கர் வந்து சில நாள் தங்கினார்கள். நேருவின் உருவத்தை ஸ்வெடோஸ்லாவ் வரைந்தார்.

முதுமையில் ரோரிக்குக்குப் பிறந்த நாட்டு ஏக்கம் வந்துவிட்டது. ரஷியா திரும்ப அனுமதி கேட்டார். அனுமதி வரவில்லை. 1947 டிசம்பர் 13 அன்று நக்கரிலேயே காலமானார். வீட்டுக்குக் கீழே, மலையைப் பார்த்த சரிவில் தகனம் நடந்தது. அங்கே ஒரு பெருங்கல்லை நாட்டியிருக்கிறார்கள்.

அவர் போன சில வாரங்களிலேயே எலெனாவும் ஜார்ஜும் மலையை விட்டு இறங்கினார்கள். எலெனாவும் ரஷியா செல்ல விரும்பிக் காத்திருந்தார். கடைசியில் இமயத்தின் மறு கோடியில் உள்ள காலிம்பாங்கில், 1955-ல் இறந்தார். குடும்பம் கேட்டிருந்த அனுமதி 1957-ல் ஜார்ஜுக்குக் கிடைத்தது. மாஸ்கோவில் மூன்று ஆண்டுகளுக்குள் அவரும் காலமானார்.