பாதிக் கதை எழுதிய பனாரஸிதாஸ்

உத்தியோக நிமித்தம் வடக்கே குடியேறிய நம்மவர்களுக்குத் துளஸிதாஸர், கபீர்தாஸர், சூர்தாஸர் ஆகியோர் அறிமுகமானவர்கள். பனாரஸிதாஸ் என்ற பெயரை அந்த அளவுக்குக் கேட்டிருக்க மாட்டோம். ஹிந்தி இலக்கியம் படித்தவர்களுக்கோ அவர் மிகவும் தெரிந்தவர். துளஸிதாஸர் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்த ஜைன வியாபாரி. 1641-ல் ஆக்ராவில் அமர்ந்து, தன் ஐம்பத்தைந்து வருஷ வாழ்க்கையை 675 செய்யுட்களில் எழுதி வைத்தார். ஹிந்தியில் தோன்றிய முதல் சுயசரிதை இதுவே என்பார்கள்.

நூலின் பெயர் 'அர்த்த கதானக்'. பாதிக் கதை என்று பொருள். மனிதனுக்குப் பூர்ண ஆயுள் நூற்றுப் பத்து என்பது அவர் கணக்கு. அதில் சரிபாதி முடிந்ததால் இந்தப் பெயர். (வடமொழியில் 'பாதி' என்பதற்கும் 'பொருள்' என்பதற்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே அர்த்தமாகி விடுகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.)

உத்தரப் பிரதேசத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தபோதுதான் இந்நூல் எனக்குப் பழக்கமாயிற்று. அவர் பிறந்த ஊர் ஜௌன்பூர். பிறந்த வருஷம் 1586. தகப்பனார் கரக்ஸேன் ரத்தின வியாபாரி. குழந்தைக்கு முதலில் இட்ட பெயர் விக்ரமாஜித். காசியில் பார்சுவநாதர் கோயிலுக்குக் குழந்தையை எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த பூசாரி கண்ணை மூடி தியானத்தில் இருப்பதுபோல் பாவனை செய்து, யக்ஷன் வந்து உத்தரவு கொடுத்தான் என்று சொல்லிப் பெயரை பனாரஸிதாஸ் என்று மாற்றிவிட்டார். பெற்றோர் பரவசப்பட்டார்கள். பூசாரி செய்தது வேஷம் என்று எழுதுகிறவர் பிள்ளையேதான்! ஆனாலும் அந்தப் பெயரையே ஆயுள் முழுவதும் வைத்துக்கொண்டார்.

இளமைப் பருவத்தைப் படிக்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வியாபாரத்தில் மனம் செல்லாமல் காதல் விவகாரங்களில் அலைந்தார். தகப்பனாரின் ரத்தினங்களைத் திருடினார். பதினான்கு, பதினைந்து வயதுக்குள் சிருங்கார ரஸத்தில் ஆயிரம் செய்யுள் எழுதினார். ஒரு சந்நியாசி மந்திரம் ஒன்றைக் கொடுத்து, ஒரு வருஷம் ரகசியமாக ஜபித்தால் தினமும் வாசலில் தங்கக்காசு கிடக்கும் என்றார். வருஷம் முடிந்ததும் வாசலில் போய்த் தேடினார். காசு இல்லை. அடுத்து ஒரு யோகி ஒரு சங்கைக் கொடுத்து, இதுவே சதாசிவம் என்றார். அதையும் நம்பிப் பூஜை செய்தார்.

1605-ல் அக்பர் சக்கரவர்த்தி காலமான செய்தி ஜௌன்பூருக்கு வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பனாரஸி மூர்ச்சையாகி விழுந்தார். மண்டை உடைந்து ரத்தம் கொட்டியது. தாயார் துணியைக் கரித்துக் காயத்தில் வைத்துக் கட்டினாள். ஊரே நடுங்கிப்போய்க் கடைகளை மூடியது. ஜனங்கள் நகைகளைப் புதைத்தார்கள். பணக்காரர்கள் முரட்டுத் துணி கட்டிக்கொண்டு ஏழைகள்போல் நடமாடினார்கள். பத்து நாள் கழித்து ஆக்ராவிலிருந்து கடிதம் வந்தது. ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகே மூச்சு வந்தது. ஒரு ராஜா இறந்தால் சாமானியன் வீட்டில் என்ன நடக்கும் என்பதை, அரண்மனை வரலாறு எழுதியவர்கள் யாரும் இவ்வளவு கிட்டத்தில் நின்று சொல்லவில்லை.

காயம் ஆறிய பிறகு ஒரு நாள் அவருக்கு யோசனை வந்தது. நாம் விழுந்தபோது இந்த சிவன் வந்து பிடிக்கவில்லையே என்று சங்குப் பூஜையை விட்டுவிட்டார். அதே ஆண்டு கோமதி நதிப் பாலத்தில் நண்பர்களோடு அமர்ந்து தம் சிருங்காரக் கவிதையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பொய் சொன்னவனே துன்பப்படுகிறான், நாம் இத்தனை பொய்யை எழுதி வைத்திருக்கிறோமே என்று தோன்றியது. ஏட்டை ஆற்றில் வீசிவிட்டார். நண்பர்கள் பதறினார்கள், ஆனால் ஆறு ஆழம். அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது. அதன்மேல் நின்று தண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

1610-ல் தகப்பனார் ரத்தினங்களும், இருபது மணங்கு நெய்யும், எண்ணெயும், துணிகளும் கொடுத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். வழியில் எட்டாவா அருகே இரவில் பெருமழை. யாரும் இடம் தரவில்லை. கடைசியில் ஒரு குடிசையில், ஒருவன் கட்டிலின் மேல் படுத்துக்கொள்ள, இவர்கள் அதன் கீழே படுத்தார்கள். ஆக்ராவில் எல்லாம் போயிற்று. இடுப்பு நாடாவில் முடிந்திருந்த ரத்தினங்கள் எங்கோ விழுந்தன. துணியில் கட்டியிருந்ததை எலி இழுத்துக்கொண்டு போயிற்று. கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டு, இரவில் பத்து இருபது பேரைக் கூட்டி மதுமாலதி, மிருகாவதி கதைகளைப் படித்துக் காட்டினார். கதை கேட்க வந்தவர்களில் ஒருவர் கச்சோரிக்கடைக்காரர். கையில் காசில்லை என்று பனாரஸி உண்மையைச் சொன்னதும், இருபது ரூபாய் வரை சாப்பிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்றார் அந்த மனிதர். ஆறேழு மாதம் கடனுக்குக் கச்சோரிதான் ஆகாரம். பின்னால் கையில் பணம் புரண்டபோது கணக்குப் பார்த்து, பதினான்கு ரூபாயைத் தீர்த்தார். முந்நூற்றைம்பது வருஷம் கடந்தும் அந்தப் பதினான்கு ரூபாய் நூலில் பத்திரமாக இருக்கிறது.

நஷ்டப்பட்டு மாமனார் வீடு போனபோது மனைவி நிலைமையைக் கேட்டறிந்து, தான் சேர்த்து வைத்திருந்த இருபது ரூபாயைக் கொடுத்தாள். மறுபடி தன் தாயிடம் ரகசியமாகச் சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக் கொடுத்தாள். சில வருஷங்களில் அவள் பிரசவத்துக்குப் பின் இறந்தாள், குழந்தையும் தங்கவில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவரே, அவள் தங்கையை இவருக்குக் கொடுப்பதற்கான நிச்சயத் தேங்காயையும் கொண்டுவந்தார்.

நம்மவர்கள் ரசிக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பிரயாணத்தில் வழிதவறித் திருடர்கள் கிராமத்தில் மாட்டிக்கொண்டார்கள். பனாரஸி தைரியமாக ஒரு சம்ஸ்கிருத சுலோகம் சொல்லித் தலைவனை ஆசீர்வதித்தார். பிராமணர்கள் என்று எண்ணி அவன் இடம் கொடுத்தான். இரவோடு இரவாகத் துணியிலிருந்து நூல் பிரித்து முறுக்கிப் பூணூல் போட்டு, மண்ணைக் குழைத்துத் திலகம் இட்டுக்கொண்டார்கள். காலையில் தலைவன் வணங்கி வழிகாட்டி அனுப்பினான். பூணூலுக்கு அன்றிருந்த மதிப்பு அப்படி. அதைப் போட்டுக்கொள்ள ஜைனருக்குத் தேவைப்பட்டது ஓர் இரவும் கொஞ்சம் நூலும்தான்!

பிற்காலத்தில் ஆக்ராவில் அத்யாத்ம விசாரத்தில் ஈடுபட்டார். சமயஸாரம் என்ற நூலை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, ஆசாரங்களைக் கைவிட்டு, நாலு நண்பர்கள் அறைக்குள் ஆடையைக் களைந்து, நாமும் முனிவர்களாகிவிட்டோம் என்று சுற்றி வந்து கூத்தடித்ததையும் எழுதியிருக்கிறார். ரூப்சந்த் என்ற பண்டிதர் வந்து விளக்கிய பிறகே தெளிவு வந்தது. 1636-ல் 'சமயஸார நாடகம்' என்ற நூலை இயற்றினார். ஜைனர்கள் இன்றும் அதைப் போற்றுகிறார்கள்.

மூன்று மனைவியர். ஏழு பிள்ளைகள், இரண்டு பெண்கள். ஒன்பது பேரும் இறந்தார்கள். நூல் எழுதும்போது கணவனும் மனைவியும் மட்டும் மீதி. இவ்வளவு பெரிய துக்கத்துக்கு அவர் செலவழித்தது சில வரிகளே. என் மூத்த பிள்ளை 2011-ல் போனான். அதற்கு முன்பும் இந்த இடத்தைப் படித்திருக்கிறேன். மனிதருக்கு மனசு கல்லோ என்று நினைத்ததுண்டு. பிறகு படித்தபோது வேறாகப் பட்டது. பூர்வ கர்மம், பகவான் சோதனை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர். இவரோ ஒன்பது மரணங்களையும் எந்தப் பாடத்துக்கும் உதாரணமாக்கவில்லை. கச்சோரியும் எலியும் எங்கே நடந்தனவோ அங்கே நிற்கின்றன. குழந்தைகளும் அவரவர் வருஷத்தில் வந்து, அவரவர் வருஷத்தில் போகிறார்கள். எதையும் ஒளிக்கவில்லை, எதையும் பெரிதாக்கவில்லை. தம்மைப் பெரும்பாலும் நான் என்று சொல்லாமல், பனாரஸி வந்தான், பனாரஸி அழுதான் என்று கதாபாத்திரம்போல நடத்துகிறார். தன்னை விட்டுச் சற்று விலகி நின்று பார்க்க ஒருவனுக்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் எல்லோரையும் இழந்தவர், இது பாதிக் கதை என்று பெயர் வைக்க முடிந்தது. முழுக்கதை என்று அவர் முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் உ.வே.சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திர'மும் 1942-ல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றதுதான். ஆனால் அது தானாக நின்ற பாதி. இது தெரிந்தே நிறுத்தியது.

நூலின் முடிவில் தம் குணங்களையும் குற்றங்களையும் பட்டியல் போடுகிறார். பொறுமையுண்டு, இனிமையாகப் பேசுவான், பல பாஷை தெரியும். கோபம் கொஞ்சம்தான், ஆனால் பொருளாசை அதிகம். பொய் கலந்து கதை சொல்வான், காரணமில்லாமல் திடீரென்று பயப்படுவான். தனிமை கிடைத்தால் எழுந்து நடனம் ஆடுவான்! ஐம்பத்தைந்து வயது, புத்திர சோகம், ஆளில்லாத அறையில் நடனம்.

மீதிப் பாதி எழுதப்படவில்லை. 1943-ல்தான் நாதூராம் பிரேமி நூலைப் பதிப்பித்தார். ஆங்கிலத்தில் முகுந்த் லாத் 1981-ல் செய்த மொழிபெயர்ப்பு உண்டு. பெரிய நகரங்களில் உள்ள அன்பர்கள் பல்கலைக்கழக நூலகங்களில் விசாரித்துப் பார்க்கலாம்.