ஜேம்ஸ் வாங் ஹௌ

ஒரு தேசத்தின் சட்டம் ஒரு மனிதரைப் பிரஜையாக ஏற்க மறுக்கிறது. அத்தேசத்து ஜனங்களோ காசு கொடுத்துக் கொட்டகையில் அமர்ந்து, அவர் பிடித்த படங்களில் தங்கள் வாழ்க்கையையே கண்டு களிக்கிறார்கள். இந்த விந்தை அமெரிக்காவில் இருபது வருஷ காலம் நடந்தது. அம்மனிதரே ஹாலிவுட் ஒளிப்பதிவாளர்களுள் முன்வரிசையில் நின்ற ஜேம்ஸ் வாங் ஹௌ. திறமை ஒருவனுக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிய விரும்புவோர் இவருடைய சரித்திரத்தை அறிவது நலம்.

ஹௌ 1899-ஆம் வருஷம் தென்சீனத்தில் கான்டன் மாகாணத்தில் பிறந்தார். ரெயில் பாதையில் வேலை செய்துவந்த தந்தை, வாஷிங்டன் மாகாணத்துப் பாஸ்கோ என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்தார். மகனை ஐந்தாம் வயதில் அங்கு வரவழைத்துக்கொண்டார். சீனத் தொழிலாளர் உள்ளே வருவதைத் தடுத்து, சீனர் எவருக்கும் பிரஜா உரிமை இல்லையென்று விதித்த 1882-ஆம் வருஷச் சட்டம் அப்பொழுது அமுலில் இருந்தது. இளமையில் குத்துச்சண்டை போட்டார். ஹோட்டலில் எச்சில் தட்டு எடுத்தார். 1917 வாக்கில் சினிமாக் கம்பெனி ஒன்றில் காமிரா அறையைப் பெருக்கும் வேலையில் அமர்ந்தார்.

அவருக்கு வழி திறந்தது ஒரு கறுப்புத் துணி. அக்காலத்துப் பிலிமில் நீல நிறம் வெளுத்து வெண்மையாகவே பதியும். நீலக் கண் படைத்த நடிகைகள் திரையில் குருடர்போல் தோன்றுவார்கள். நடிகை மேரி மைல்ஸ் மின்டருக்கும் இக்குறை இருந்தது. கண் ஒரு கண்ணாடி. எதிரே கரிய பொருள் இருந்தால் அதன் நிழல் கண்ணில் விழுந்து கருமை தரும் என்பதை ஹௌ கண்டறிந்தார். காமிராவைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட்டைக் கட்டிப் படம் பிடித்தார். கண்கள் கருமையாய்ப் பதிந்தன. நடிகை தமது படத்திற்கு அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். பெருக்கவந்தவர் சில வருஷங்களில் காமிராவுக்கு அதிபதியானார்.

1931-இல் வெளிவந்த 'டிரான்ஸ்அட்லாண்டிக்' படத்தில், அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருங்கே தெளிவாய்த் தெரியும்படி பதிவு செய்தார். பத்து வருஷங்களுக்குப் பின் 'சிட்டிஸன் கேன்' படத்தில் உலகம் வியந்து பாராட்டியது இந்த முறையையே. 1947-இல் 'பாடி அண்ட் ஸோல்' படத்துக் குத்துச்சண்டையை, காலில் உருளைச் சக்கரம் பூட்டிக் கையில் காமிரா பிடித்து, மேடைக்குள் சுழன்றே எடுத்தார். அடி வாங்குபவன் காணும் உலகத்தைக் காட்ட அவருக்குப் பழைய அநுபவம் உதவியது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்பதற்குக் காட்சியிலேயே ஒரு காரணம் இருக்கவேண்டும், வீண் பகட்டு கூடாது என்பது அவருடைய கொள்கை.

இத்தகையவரின் இல்லறம் எப்படி இருந்தது? எழுத்தாளரான ஸனோரா பாப் என்னும் வெள்ளை மாதை 1937-இல் பாரிஸில் மணந்தார். காலிபோர்னியாச் சட்டமோ வெள்ளையரும் சீனரும் செய்யும் விவாகத்தை அங்கீகரிக்கவில்லை. தம்பதிகள் ஒரே கட்டடத்தில் தனித்தனி ஜாகையில் வாழ்ந்தார்கள். அவர் பெற்ற கீர்த்தி அச்சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட அசைக்கவில்லை.

பின் அசைத்தது எது? யுத்தத்தில் சீனம் நேசநாடாய் இருந்ததால், 1943-இல் பிரஜா உரிமைத் தடை நீங்கியது. அப்பொழுதும் வருஷத்துக்குச் சுமார் 105 சீனரே குடியேறலாம் என்று வரம்பு கட்டினார்கள். இந்தியருக்கு அக்கதவு 1946-இல்தான் திறந்தது. விவாகத் தடையை, வேறொரு ஜோடி தொடுத்த வழக்கில், 1948-இல் காலிபோர்னியா உயர்தர நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. நால்வர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். ஒரு நீதிபதியின் அபிப்பிராயத்தில் நியாயம் பிழைத்தது.

அதன் பின்னரே அவருக்குப் பெரும் பரிசுகள் வந்தன. 'தி ரோஸ் டாட்டூ' படத்துக்கும், 1963-இல் வெளியான 'ஹட்' படத்துக்கும் ஆஸ்கார் விருது பெற்றார். பத்து முறை அவ்விருதுக்குப் பிரேரேபிக்கப்பட்டார். 1976-இல் காலமானார்.

தகுதியுள்ளவனுக்கு உரிமை தானே வந்து சேரும் என்று உபதேசிப்பவர்கள் எத்தேசத்திலும் உண்டு. ஹௌவினும் தகுதியுள்ளவர் யார்? தகுதி அவருக்கு வேலை தந்தது, ஊதியம் தந்தது, புகழ் தந்தது. உரிமையைத் தரவில்லை. சட்டத்தை மாற்றியபோதே உரிமை வந்தது. மேதைக்கு வந்த அவ்வுரிமை அதே நாளில், பெயரறியாத சலவைத் தொழிலாளிக்கும் வந்தது. நியாயமான சட்டத்தின் பெருமை அதுவே. மேதைகளைப் போற்றுவோம், ஆனால் மேதையாக இராதவனுக்கும் நீதி கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்துவதே பொது ஜன ஊழியர்களின் வேலை என்பதை மறவாதிருப்போம்.