எமில் கபான்

எமில் யோசப் கபான் (ஏப்ரல் 20, 1916 – மே 23, 1951) ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையில் ஆன்ம குருவாகப் பணியாற்றிய கத்தோலிக்கக் குரு ஆவார். கொரியப் போரின்போது சீனப் படையினரிடம் போர்க் கைதியாகப் பிடிபட்டு, வட கொரியாவிலிருந்த கைதிகள் முகாமில் தமது 35ஆவது அகவையில் இறந்தார். ஐக்கிய அமெரிக்காவின் மிக உயர்ந்த படைத்துறை விருதான மெடல் ஆப் ஆனர் (இந்தியாவின் பரம வீர சக்கரத்துக்கு ஒப்பானது) இவர் இறந்து ஏறத்தாழ 62 ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டில் இவருக்கு வழங்கப்பட்டது. இவருடன் சிறையிருந்து உயிர் தப்பிய வீரர்கள் பல பத்தாண்டுகளாக விடாது கோரி வந்ததன் பயனாகவே இவ்விருது கிடைத்தது.

இளமையும் குருத்துவமும்

கபான் கேன்சசு மாநிலத்தின் பில்சன் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். இவரது குடும்பம் செக் வழிவந்த உழவர் குடும்பம். மிசூரி மாநிலத்தில் கல்வி பயின்று, சூன் 9, 1940 அன்று குருப்பட்டம் பெற்றார். முதலில் பில்சனிலேயே, தாம் வளர்ந்த கோவிலில் பணியாற்றினார். 1944இல் படைத்துறை ஆன்ம குருவாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் இந்திய-பர்மியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்தபின் நாடு திரும்பி, வாசிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1948இல் மீண்டும் படையில் சேர்ந்தார்.

படைத்துறை ஆன்ம குருக்கள் கேப்டன் முதலிய அதிகாரி நிலைகளை வகித்தாலும் போர்க்களத்தில் ஆயுதம் ஏந்துவதில்லை. இவரது பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கொரியப் போர்

1950 சூலையில் முதலாம் குதிரைப்படை டிவிசனுடன் கபான் கொரியாவில் தரையிறங்கினார். (பெயரில் குதிரைப்படை என்றிருந்தாலும் அக்காலத்தில் அது காலாட்படையாகவே போரிட்டது.) அதன் எட்டாவது ரெசிமெண்டில் பணியாற்றிய இவர், ஜீப் வண்டியின் முன்மூடியைப் பலிபீடமாகக் கொண்டு திருப்பலி நிறைவேற்றுவார். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கும்சோன் அருகே எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு இடையே சென்று, காயமுற்றுக் கிடந்த ஒரு வீரரை மீட்டார். அதற்காக வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றார்.

நவம்பர் 1, 1950 இரவு ஊன்சான் என்னுமிடத்தில் சீனப் படைகள் எட்டாவது ரெசிமெண்டைத் தாக்கின. சீனா போரில் இறங்கியபின் அமெரிக்கப் படைகளுடன் நிகழ்ந்த முதற்பெருஞ் சண்டை இதுவாகும். கபான் இருந்த மூன்றாவது பட்டாலியன் சூழப்பட்டது. அவர் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடிக் காயமுற்றோரை இழுத்து வந்தார். நடக்கக்கூடியவர்கள் தப்பிச் செல்லலாம் என ஆணை வந்தபோது, நலமாக இருந்த கபான் செல்லவில்லை. பிடிபடுவது உறுதி என்று தெரிந்தும் காயமுற்றவர்களுடன் தங்கினார். அவர்களிடையே கிடந்த காயம்பட்ட சீன அதிகாரி ஒருவரை இணங்கச் செய்து, அவர் மூலமாகவே அமெரிக்கக் காயக்காரர்கள் உயிருடன் சரணடைய வழி செய்தார்.

சிறைபிடிக்கப்பட்டு நடத்திச் செல்லப்படுகையில், கணுக்கால் உடைந்து பள்ளத்தில் கிடந்த எர்பர்ட் மில்லர் என்ற சார்சண்டை ஒரு சீன வீரர் சுடக் குறி பார்ப்பதைக் கபான் கண்டார். நேராக அவரிடம் சென்று துப்பாக்கியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சீன வீரர் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்பதை மில்லரால் தம் முதுமையிலும் விளக்க முடிந்ததில்லை.

கைதிகள் முகாமில்

கைதிகள் யாலு ஆற்றங்கரையிலுள்ள பியோக்டொங் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1950-51 குளிர்காலம் மிகக் கடுமையானது. உணவு சிறிதளவு சோளமும் தினையுமே. கொரியப் போரில் சிறைபட்ட ஏறத்தாழ 7,100 அமெரிக்கர்களில் 2,700 பேர் வரை சிறையிலேயே இறந்தனர். அவ்விறப்புகளில் பெரும்பகுதி இம்முதற் குளிர்காலத்தை ஒட்டி நிகழ்ந்ததாகும்.

கபான் முகாமில் செய்தவை பெரிய வீரச்செயல்களாகத் தோன்றா. சிதைந்த கூரைத் தகடுகளைத் தட்டிப் பாத்திரமாக்கித் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். வயிற்றுக்கடுப்பு பரவிய முகாமில் இதுவே பலர் உயிரைக் காத்தது. எழ முடியாதவர்களின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார், பேன் எடுத்தார், இறந்தவர்களைப் புதைத்தார். அதிகாரிகள் தனியே அடைக்கப்பட்டிருந்தும், காவலை ஏமாற்றிப் பிற வீரர்களின் குடிசைகளுக்குச் சென்று வந்தார். காவலர்களின் சேமிப்பிலிருந்து தானியம் திருடிப் பகிர்ந்தளித்தார். திருடச் செல்லுமுன், சிலுவையில் இயேசுவுடன் அறையப்பட்ட நல்ல கள்வனை வேண்டிக்கொள்வார் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர்.

மார்ச் 25, 1951 உயிர்த்த ஞாயிறன்று, தடையையும் பொருட்படுத்தாது வெளிப்படையாக வழிபாடு நடத்தினார். அதன்பின் காலில் இரத்தம் உறைந்து, வயிற்றுக்கடுப்பும் நுரையீரல் அழற்சியும் கண்டன. கைதிகள் தடுத்தும் கேளாமல் காவலர்கள் அவரை மருத்துவமனை எனப்பட்ட கட்டடத்துக்குக் கொண்டுசென்றனர். அது சிகிச்சை ஏதுமின்றி நோயாளிகள் சாக விடப்பட்ட இடம். அங்கு மே 23, 1951 அன்று கபான் இறந்தார்.

அவரை நேரில் ஒருபோதும் கண்டிராத யூதரான செரால்டு பிங்க் என்ற விமானி, பின்னர் அம்முகாமுக்கு வந்து, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, விறகுக் கட்டையில் ஒரு பாடுபட்ட சிலுவையைச் செதுக்கினார். 1953இல் விடுதலையான கைதிகள் அச்சிலுவையைச் சுமந்து வெளியேறினர். அது விச்சிட்டா நகரில் கபான் பெயர் தாங்கிய பள்ளியில் வைக்கப்பட்டுள்ளது.

பதக்கத்துக்கான முயற்சி

ஊன்சான் சண்டைக்காக, விருது வரிசையில் இரண்டாம் நிலையிலுள்ள சிறப்புச் சேவைச் சிலுவை 1951இலேயே கபானுக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டில், அவர் செயல்களை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் யாலு ஆற்றங்கரையில் கைதிகளாக இருந்தனர் என்பது கருதத்தக்கது. தப்பி வந்தவர்கள் கண்டது மட்டுமே அப்போது கிடைத்த சான்று. கபான் பிடிபட்ட பின் நடந்தவற்றைச் சொல்ல ஆளில்லை.

1953க்குப் பின் அவர்கள் சொல்லத் தொடங்கினர். லெப்டினன்ட் மைக் டௌ 1954இல் ஒரு புகழ்பெற்ற வார இதழில் கபானைப் பற்றி எழுதினார். மில்லர் உள்ளிட்ட முன்னாள் கைதிகள் மெடல் ஆப் ஆனர் வழங்கக் கோரி வந்தனர். இதற்குத் தடையாக நின்றது, எதிர்ப்பு என்பதைவிடச் சட்டமே எனலாம். அமெரிக்கச் சட்டப்படி இவ்விருதுக்கான பரிந்துரை, செயல் நிகழ்ந்த சில ஆண்டுகளுக்குள் முறையாக வந்துசேர வேண்டும். சாட்சிகளே மூன்றாண்டு சிறையில் இருந்த ஒருவருக்கு இவ்விதி எவ்வளவு பொருந்தாதது என்பது வெளிப்படை. காலவரம்பைத் தளர்த்த நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும்.

கேன்சசின் பேராளர் டாட் டியார்ட் இக்கோரிக்கையை எடுத்துச் சென்றார். 2009இல் தரைப்படைச் செயலர் பீட் கெரன், கபான் இவ்விருதுக்குத் தகுதியுடையவர் என ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் விச்சிட்டா ஈகிள் நாளிதழ், அப்போது 80 வயதைக் கடந்திருந்த முன்னாள் கைதிகளைத் தேடிச் சென்று நேர்கண்டு தொடர் கட்டுரை வெளியிட்டது. காலவரம்பை விலக்கும் விதி, 2011 டிசம்பர் 31 அன்று கையொப்பமான பாதுகாப்புத்துறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஏப்ரல் 11, 2013 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் பராக் ஒபாமா பதக்கத்தைக் கபானின் தம்பி மகன் ரே கபானிடம் வழங்கினார். மில்லரும் டௌவும் அவையில் இருந்தனர். விருதுக் குறிப்பு 1950 நவம்பர் 1, 2 ஆகிய இரு நாள் செயல்களை மட்டுமே சுட்டுகிறது. முன்னாள் கைதிகளை அறுபது ஆண்டுகள் பேச வைத்த முகாம் வாழ்க்கை அதில் இடம்பெறவில்லை. களவீரத்துக்கான விருதின் இலக்கணம் அத்தகையது. 2021 சூலை 27 அன்று தென் கொரியாவும் தனது மிக உயர்ந்த படைத்துறை விருதான தேகுக் விருதை இவருக்கு அளித்தது.

உடல் எச்சங்கள்

கபானின் உடல் யாலு கரையில் எங்கோ கிடப்பதாகவே விருது விழாவின்போதும் கருதப்பட்டது. உண்மையில் போருக்குப் பின் வட கொரியா ஒப்படைத்த எச்சங்களுள் அவருடையதும் இருந்தது. அடையாளம் தெரியாதவர்களுள் ஒருவராக அவர் ஒனலூலுவிலுள்ள தேசிய நினைவுக் கல்லறையில் புதைக்கப்பட்டிருந்தார். அக்கல்லறைகளைத் தோண்டி ஆராய்ந்தபோது, பல் பதிவுகள், மரபணுச் சோதனை முதலியவற்றால் 2021 மார்ச்சில் அவர் அடையாளம் காணப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று இறுதிச் சடங்கு நடைபெற்று, விச்சிட்டா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1993இல் இவரை இறை ஊழியர் என அறிவித்துப் புனிதர் பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிசு இவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.