பறவைகளை எண்ணச் சொன்ன பிராங்க் சாப்மன்

கிறிஸ்மஸ் என்றதும் குடிலும் நட்சத்திரமும் பலகாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல ஊர்களில் அந்நாளுக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. ஆடவர் இரு கட்சிகளாகப் பிரிந்து துப்பாக்கிகளுடன் வயல்வெளிக்கும் காட்டிற்கும் செல்வர். மாலையில் எக்கட்சி மிகுதியான பறவைகளையும் சிறு விலங்குகளையும் கொன்று குவித்ததோ அதற்கே வெற்றி. உணவுக்கான வேட்டை என்பதைவிட, இது எண்ணிக்கைப் போட்டியே. இவ்வழக்கத்திற்கு மாற்று ஒன்றைக் கண்டவரே பிராங்க் சாப்மன். அவரது வாழ்க்கையை நாம் இங்குச் சிறிது காண்போம்.

சாப்மன் 1864ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். இங்கிள்வுட் என்னும் ஊரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நியூயார்க் நகர வங்கி ஒன்றில் எழுத்தரானார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆயினும் 1884இல், வலசை வரும் பறவைகளைக் கவனித்து எழுதி அனுப்பும் பணியைத் தாமாகவே ஏற்றுக்கொண்டார். விடியுமுன் எழுந்து, காட்டோரமாக நடந்து, கண்டவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு ரயிலேறி வங்கிக்குச் செல்வார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வங்கி வேலையையே விட்டுவிட்டார். நிலையான சம்பளத்தைத் துறந்து குருவிகளின் பின்னே போகும் மகனைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்!

அதே 1886ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு காரியம் பெண்களாகிய நம்மைச் சிந்திக்க வைப்பது. நியூயார்க்கின் கடைவீதிகளில் இரண்டு பிற்பகல்கள் நடந்து, எதிர்ப்பட்ட சீமாட்டிகளின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542 தொப்பிகள் பறவை இறகுகளையோ முழுப் பறவைகளையோ தாங்கியிருந்தன. மரங்கொத்தி, ஆலா, காடை என 40 இனங்களை அவர் அடையாளம் கண்டு பத்திரிகைக்கு எழுதினார். அக்காலத்தில் கொக்கின் இறகு தங்கத்தைவிட அதிக விலை பெற்றது. அந்த இறகு கூடு கட்டும் பருவத்தில்தான் முளைக்கும். ஆகவே தாய்ப்பறவை சுடப்பட்டால் கூட்டிலிருக்கும் குஞ்சுகளும் பட்டினியால் மடியும். இக்கொடுமையைப் பெண்களே எதிர்க்கத் துணிந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் நகரில் ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்னும் இருவர் 1896இல் தோழியரைத் திரட்டிப் பறவைகளுக்காக ஒரு சங்கம் அமைத்தனர்.

சாப்மன் 1888இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆராய்ச்சிக்காக அவரும் பறவைகளைச் சுட்டிருக்கிறார், அதை மறைப்பதற்கில்லை. 1898இல் அவரை மணந்த ஃபேனி அம்மையார், சுடப்பட்ட பறவைகளின் தோலைப் பதப்படுத்துவதில் கைதேர்ந்தவரானார். ஆனால் நாளடைவில் சாப்மன் புகைப்படக் கருவியின் பக்கம் சாய்ந்தார். 1899இல் பறவைகளுக்கென்றே ‘பேர்ட் லோர்’ என்னும் இதழைத் தொடங்கினார்.

அவ்விதழின் 1900 டிசம்பர் வெளியீட்டில்தான் அவரது புதிய யோசனை வெளிவந்தது. கிறிஸ்மஸ் அன்று வெளியே செல்லுங்கள். ஆனால் சுடாமல் எண்ணுங்கள் என்பதே அது. இடம், நேரம், வானிலை, ஒவ்வோர் இனத்திலும் எத்தனை என்றெல்லாம் எழுதி அன்றிரவே அனுப்பச் சொன்னார். எதிரியைக் கண்டிப்பதோடு நில்லாமல், அதே போட்டி ஆர்வத்தை வேறு வழியில் திருப்பியதுதான் அவரது சாமர்த்தியம் என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் ஆண்டு 25 இடங்களில் 27 பேர் மட்டுமே எண்ணினர். கனடாவின் டொராண்டோ முதல் கலிபோர்னியாவின் கடற்கரை வரை ஏறத்தாழ 90 இனங்கள், 18,500 பறவைகள் பதிவாயின.

அவ்வாண்டு எண்ணப்பட்ட இடங்களுள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கும் ஒன்று. அப்பூங்காவில் 1862இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய நீர்த்தேக்கம் உண்டு. இன்றும் டிசம்பர்க் குளிரில் கம்பளி உடையும் தொலைநோக்கியுமாக ஒரு குழு அதன் கரையில் நின்று வாத்துகளையும் கடற்காகங்களையும் எண்ணுகிறது. அங்குக் காணப்படும் தட்டைவாயன் வாத்து, குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வருகிற அதே இனமே. நீரில் மூழ்கியும் பறந்தும் இடம் மாறும் பறவைகளை எண்ணுவது எளிதன்று. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். ஆகவேதான் இது குழுவாகச் செய்யும் வேலையாயிற்று.

ஒவ்வொரு வட்டமும் 24 கிலோமீட்டர் விட்டமுடையது. டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரையில் ஏதேனும் ஒரு நாளில் எண்ணி முடிக்க வேண்டும். 2024 டிசம்பரில் 125ஆவது கணக்கெடுப்பு தொடங்கியது. 2,000க்கும் மேற்பட்ட வட்டங்களில் பல்லாயிரம் பேர் எண்ணுகின்றனர். 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் அறிவியலறிஞர்கள் அறிவித்தபோது, அதற்குப் பயன்பட்ட ஏடுகளுள் இந்தக் கிறிஸ்மஸ் கணக்கும் ஒன்று.

பெலிக்கன் தீவைக் காக்க வேண்டுமெனக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டவர்களுள் சாப்மனும் ஒருவர். 1903 மார்ச்சில் அத்தீவு அந்நாட்டு அரசின் முதல் பறவைப் புகலிடமாயிற்று. 1908 முதல் 1942 வரை அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். கொலம்பியா நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெரு நூலும் எழுதினார்.

1945 நவம்பர் 15ஆம் நாள், தமது 81ஆம் வயதில் சாப்மன் காலமானார். அடுத்த மாதம் அவர் ஏற்படுத்திய கணக்கெடுப்பு வழக்கம்போல் நடைபெற்றது.