கானோ கண்ட பயிற்சி முறை

ஆசிரியர் கண்ணுக்கப்பால் மாணாக்கன் தனித்திருந்து செய்யும் அப்பியாசத்தால் மெய்யாகவே பயனுண்டா என்பது உபாத்தியாயர்களிடையே ஓயாத விவகாரம். இதனைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜப்பானியக் கல்விமான் ஜிகோரோ கானோ. ஜூடோ என்னும் மற்கலையை வகுத்தவர் இவரே. டோக்கியோ உயர்தர உபாத்தியாயப் பயிற்சிக் கலாசாலையின் தலைவராய் நெடுங்காலம் விளங்கியவரும் இவரே.

1860-ம் வருஷம் பிறந்த கானோ மெலிந்த சரீரி. பள்ளியில் பலசாலிப் பிள்ளைகளின் கொடுமைக்கு ஆளானவர். 1877-ல், சர்வகலாசாலை மாணவராயிருக்கையில், புகுடா என்பவரிடம் ஜுஜுட்ஸு பயிலலானார். புகுடாவோ விளக்கம் கூறும் வழக்கமில்லாதவர். ஒரு பிடியின் நுட்பத்தைக் கேட்ட கானோவை மறுமொழியின்றி மீண்டும் மீண்டும் தூக்கி எறிந்தாராம்! விழுந்து விழுந்தே அறிய வேண்டுமென்பது அவர் கொள்கை.

அங்கே பருத்த சகபாடி ஒருவனைக் கானோவால் வீழ்த்த முடியவில்லை. சுமோ மல்லரின் உபாயங்களைப் பயன்படுத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. பின்னர் புத்தகசாலை சென்று மேனாட்டு மல்யுத்த முறைகளை ஆராய்ந்து, எதிரியைத் தோள்மேல் ஏற்றி எறியும் பிடியொன்றைக் கண்டெடுத்தார். அது அவனை வீழ்த்தியது. தனித்த படிப்பின் வெற்றி என்று இதனைக் கூறலாம். ஆனால், படிக்க வேண்டிய கேள்வியைக் கொடுத்தவன் அந்தப் பருத்த மனிதனே என்பதை மறத்தலாகாது.

1879-ல் புகுடா காலமானார். அடுத்த ஆசிரியரான ஈசோ, கட்டாவில் வல்லவர். கட்டாவாவது, இன்ன தாக்குதலுக்கு இன்ன மறுப்பு என முன்னரே வகுத்த வரிசைப்படி செய்யும் பயிற்சி. 1881-ல் அவரும் இறக்கவே, ஈகுபோவை அடைந்தார். இவர் ரண்டோரி என்னும் கட்டற்ற மோதலில் தேர்ந்தவர். இவ்விரு வழிகளையும் அனுபவித்த கானோ, 1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி ஆலயத்தில், 12 பாய்கள் விரித்த இடத்தில், கோடோகான் பள்ளியைத் தொடங்கினார்.

ஆதியில் மாணாக்கர் சிலரே. மோதலின் நடுவிலேயே நிறுத்திக் காரணத்தை விளக்க ஆசிரியருக்கு அவகாசமிருந்தது. கட்டாவுக்குத் தனி இடம் தேவைப்படவில்லை. மாணாக்கர் பெருகவே, ஒவ்வொருவருக்கும் விளக்குதல் இயலாதாயிற்று. அப்பொழுதுதான் எறிதலுக்கும் பிடித்தலுக்கும் உரிய கட்டாக்களை வகுத்தார். கட்டாவை இலக்கணத்துக்கும், ரண்டோரியைக் கட்டுரை எழுதுவதற்கும் ஒப்பிட்டது அவருடைய வழக்கம். இலக்கணப் பரீட்சையில் முதன்மை பெற்றும் ஒரு விண்ணப்பம் எழுதத் திணறுவோரை நாம் அறிவோம். இலக்கணமே வேண்டாமென்று தள்ளி, எழுத்தைக் கெடுப்போரும் இல்லாமலில்லை.

1920-களில், பொதுஜனங்களின் தேகப்பயிற்சிக்கென, துணையின்றியே செய்யத்தக்க முறையையும் அமைத்தார். எனினும் அதன் மற்றொரு பகுதி இருவர் கூடியே செய்ய வேண்டியது. முழுவதையும் தனிமைக்கு விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

1938-ல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தினின்று திரும்புகையில் கப்பலிலேயே உயிர் நீத்தார். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களில் ஜூடோ இடம் பெற்றது. அரங்கேறியது ரண்டோரியின் வழிவந்த போட்டியே. கட்டா வெளியே நின்றது.